பூனை போன வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பூனையின் பெயர் மாசி. குட்டியாக வந்த முதல் கிழமையே, உரலில் இடித்து வைத்திருந்த மாசிக் கருவாட்டை ஒரு துண்டு விடாமல் தின்று முடித்ததால் அம்மா வைத்த பெயர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாசி இடிப்பதென்றால் குசினிக் கதவைப் பூட்டிவிட்டுத்தான். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் 14 வருடம் எங்களோடு இருந்தாள். போன மார்கழியில், திருவெம்பாவை நாட்களில், சிறுநீரக நோய் முற்றி, ஊசி போட்டு அனுப்பி வைத்தோம்.

இப்போது பங்குனி. பூனையை இழந்த சிலர், ஒருவர் சொல்லி இன்னொருவராக, என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விகள் நானே என்னைக் கேட்டவை. நான் மிருக வைத்தியர் இல்லை. வைத்திய விடயங்களில் எங்கள் வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பூனைக்காக இவ்வளவு அழுவது கொஞ்சம் அதிகமில்லையா?

அதிகம் என்று சொல்ல வேறு ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். அந்த வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்? “பூனைதானே, இன்னொண்டு எடுத்தால் சரி” என்று எனக்குச் சொன்னவர்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு கை விரல்கள் போதவில்லை.

அம்மா ஆறு வருடத்துக்கு முன் போய்விட்டா. அதற்குப் பிறகு அம்மாவின் கட்டிலில் படுத்தது மாசிதான். அவள் போன அன்றுதான் அந்தக் கட்டில் உண்மையில் வெறுமையானது. பூனைக்கு அழுகிறோம் என்று நாங்கள் நினைக்கும்போது, அந்தப் பூனையோடு இருந்த வீட்டுக்கும், அந்த வீட்டில் இருந்த ஆட்களுக்கும் சேர்த்துத்தான் அழுகிறோம். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. தெரியவைக்கவும் முடியாது.

பழைய எகிப்தில் வீட்டுப் பூனை தானாகச் செத்தால் அந்த வீட்டார் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். வசதியான ஏற்பாடு. புருவம் முளைக்கும்வரை “என்ன, இன்னும் அதையே யோசிக்கிறீரோ” என்று யாரும் கேட்க முடியாது.

எங்கள் தொடர்மாடியில் அதைக் கேட்காமலே விளங்கிக்கொண்டவர் கீழ்மாடியில் இருக்கும் முஸ்லிம் அக்கா ஒருவர்தான். அன்று பின்னேரம் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார், செத்தவீட்டுக்குக் கொண்டுவருவதுபோல. நபிகளின் தோழர் ஒருவருக்கு அபூ ஹுரைரா என்று பெயர், அதற்குப் ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்று அர்த்தம் என்றும் அவர்தான் சொன்னார். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.

துடக்கு உண்டா? கோயிலுக்குப் போகலாமா?

துடக்கு இல்லை. அது உறவுமுறைக்கு உரியது. அன்றைக்கே குளித்துவிட்டு விளக்கேற்றலாம், கோயிலுக்கும் போகலாம்.

ஆனால் எனக்கென்னவோ, துடக்கு இல்லாததுதான் கஷ்டம் என்று பட்டது. மனிதர் இறந்தால் எங்கள் ஆட்களிடம் எல்லாவற்றுக்கும் நாள் குறித்திருக்கிறது. அடுப்பு எரியாது, சாப்பாடு அயலிலிருந்து வரும். எட்டுச் செலவு வரும், 31ஆம் நாள் அந்தியேட்டி வரும், வருடம் திரும்ப ஆட்டைத் திவசம் வரும். வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக் களைத்தே பாதித் துக்கம் கரைந்துவிடும். பூனைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அதனால் நாளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. நான் எட்டாம் நாள் சூடை மீன் வாங்கிப் பொரித்து, ஒழுங்கையில் திரியும் பூனைகளுக்குக் கொண்டுபோய் வைத்தேன். அதிலே ஒன்று என்னைப் பார்த்து உறுமிவிட்டுத்தான் தின்றது. அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பா. 31ஆம் நாளுக்கும் ஏதாவது செய்ய நினைத்தேன், செய்யவில்லை. பரவாயில்லை.

தொடர்மாடியில் இருக்கிறோம், காணி இல்லை. உடலை என்ன செய்வது?

யாரும் முன்கூட்டியே யோசித்து வைக்காத கேள்வி இது. அந்த நேரத்தில் மூளையும் வேலை செய்யாது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சில மணித்தியாலத்தில் உடல் விறைத்துவிடும். அதற்கு முன், அவள் தூங்கும்போது சுருண்டு கிடப்பதுபோல் கால்களை மடித்து வைத்துவிடுங்கள். சிறுநீர் கசியும், அது இயல்பு. கீழே பழைய துவாய் ஒன்று வேண்டும். கண் மூடாது. நீங்கள் மூடினாலும் திறந்துகொள்ளும், அதற்காகப் பதறாதீர்கள். கொழும்பு வெக்கையில் அன்றைக்கே அடக்கம் செய்வது நல்லது. இரவாகிவிட்டால் ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டுச் சுற்றிவர வைத்து விடியும்வரை சமாளிக்கலாம்.

தோட்டமுள்ள உறவினர் வீடு தெஹிவளையிலோ இரத்மலானையிலோ இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். நான் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியை எடுத்தார். மூன்று அடியாவது ஆழம் வேண்டும். இல்லாவிட்டால் தெருநாயோ கபரகொய்யா என்ற பெரிய உடும்போ கிண்டும். ஊசி போட்டு இறந்த உடல் என்றால் ஆழம் இன்னும் முக்கியம், அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், கிண்டித் தின்னும் மிருகத்தையும் சாகடிக்கும். கால்வாய்ப் பக்கத்துக் காணிகளில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், மேட்டுப் பக்கமாகப் பாருங்கள். பருத்தித் துணியில் சுற்றுங்கள், பொலித்தீன் வேண்டாம்.

காணியே கிடைக்காதென்றால், தகனம் செய்ய வழி உண்டா என்று உங்கள் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கேட்க வேண்டிய சரியான ஆள் அவர்தான். கடலில் போடுவதும் கால்வாயில் விடுவதும் வேண்டவே வேண்டாம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. பூனை திடீரென்று நடத்தை மாறி, வெறிபிடித்ததுபோல் கடித்து, பிறகு செத்திருந்தால் உடனே புதைக்காதீர்கள். கடியோ கீறலோ பட்டவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர் நோயா என்று பரிசோதிக்க பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. எப்படிக் கொண்டுபோவது என்பதை வைத்தியர் சொல்வார்.

ஊசி போடச் சொல்லிக் கையெழுத்து வைத்தது நான். கொன்றது நான்தானே?

இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பியவர் இரவு இரண்டு மணிக்கு அனுப்பியிருந்தார். நானும் அந்நேரம் முழித்துத்தான் இருந்தேன்.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் லேசாகும். வழக்கமாக முதலில் மயக்க ஊசி போடுவார்கள். சில நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு இரத்த நாளத்தில் இன்னொரு மருந்து. அதுவும் மயக்க மருந்து வகைதான், அளவு மட்டும் மிக அதிகம். உணர்வு முதலில் போகும், மூச்சும் இதயமும் அதற்குப் பிறகுதான் நிற்கும். கடைசியில் ஒருமுறை பெருமூச்சு விட்டதுபோல் வயிறு அசையலாம். அதைப் பார்த்தவர்கள் பயந்துபோய் மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு வலி தெரியாது.

அவசரப்பட்டுவிட்டோமோ என்றுதான் அநேகம் பேர் கேட்கிறார்கள். என் குற்றம் மறுபக்கத்தில். வைத்தியர் வியாழக்கிழமை சொன்னார், நான் திங்கட்கிழமைதான் கொண்டுபோனேன். கனடாவிலிருக்கும் தம்பி வீடியோவில் பார்க்க வேண்டும், அக்கா பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். அந்த நாலு நாளும் அவள் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டபடி இருந்தாள், குடிக்கவில்லை. எனக்காகத்தான் வைத்திருந்தேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், இப்போது இந்த முடிவுக்கு முன்னால் நிற்கும் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதுதான்.

முன்பே கவனித்திருந்தால் பிழைத்திருக்குமா?

சில நோய்களில் ஆம், சிலவற்றில் கொஞ்சக் காலம் கூடக் கிடைத்திருக்கும். வயதான பூனைகளுக்குச் சிறுநீரக நோய் மிகவும் பொதுவானது. சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் வெளியில் ஏதாவது தெரியவரும். தெரிவதும் என்ன? தண்ணீர் கூடக் குடிக்கும், கூடச் சிறுநீர் கழிக்கும், மெல்ல மெலியும். மாசி தண்ணீர் கூடக் குடித்தபோது வெயில்தானே என்று நினைத்தேன். இந்த ஊரில் யார்தான் வேறு விதமாக நினைப்பார்கள்? போதாக்குறைக்குப் பூனை நோயை மறைப்பதில் கெட்டிக்கார மிருகம். வீட்டில் வேறு பூனை இருந்தால், எட்டு ஒன்பது வயது கடந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள்.

இன்னொன்று. காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்காதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். தெரியாமல் கொடுத்தவர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அவருக்கு நான் என்ன எழுதினேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

என் பூனை சாகவில்லை, காணாமல் போய்விட்டது. நான் துக்கப்படுவதா, தேடுவதா?

தேடுங்கள். பயந்த பூனை தூரம் போகாது. பெரும்பாலும் சில வீடுகளுக்குள்தான், வாகனத்துக்குக் கீழே, படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் பதுங்கியிருக்கும். இரவு பதினொரு மணிக்குப் பிறகு, காலி வீதி அடங்கிய நேரத்தில், டோர்ச் எடுத்துக்கொண்டு போங்கள். கண் வெளிச்சத்தில் மின்னும். காவலாளிகளிடமும் வீதி கூட்டுபவர்களிடமும் படம் காட்டுங்கள், அந்த ஒழுங்கையில் நடப்பது எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

தேடி அலுத்த பிறகு ஒரு நாள் வரும். அது எந்த நாள் என்று வெளியாள் சொல்லக்கூடாது.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

செத்துப்போய்விட்டது என்று சொல்லுங்கள். ‘தூங்குது’ என்று சொன்னால் பிள்ளை இரவு தூங்கப் பயப்படும். ‘ஊருக்குப் போட்டுது’ என்றால் எப்போது வரும் என்று தினமும் கேட்கும். ஐந்து வயதளவில் சாவு என்றால் திரும்பி வராதது என்பது முழுதாக விளங்காது, ஆகவே ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும். பத்துத் தடவையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் அழுதால் ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டிலிருக்கும் மற்றப் பூனை தேடிக்கொண்டு திரிகிறது. அதற்கும் தெரியுமா?

ஏதோ தெரிகிறது. கத்தும், வழக்கமான இடங்களை மணந்து பார்க்கும், சாப்பாட்டைக் குறைக்கும். போன பூனை படுத்த துணியை உடனே தோய்க்காமல் சில நாள் விடுங்கள். சாப்பாடு விடயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் கொழுத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ‘கவலையில் சாப்பிடவில்லை, பாவம்’ என்று விடாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வேலையில் லீவு கேட்கலாமா?

கேளுங்கள். காரணத்தை ‘வீட்டில் ஒரு அலுவல்’ என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை.

அவள் சத்தம் இன்னும் கேட்கிறது. எனக்கு மூளை குழம்பிவிட்டதா?

இல்லை. கரையோரப் பாதையில் விடியற்காலை ரயில் போகும்போது மாசி எழும்பி என் அறைக் கதவைச் சுரண்டுவாள். இப்போதும் அந்த ரயிலுக்குச் சுரண்டல் கேட்கிறது. 14 வருடம் கேட்ட காது, மூன்று மாதத்தில் மறக்குமா? அநேகமாக எல்லோருக்கும் இது நடக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை.

வசந்தம் வந்தால் மனம் மாறும் என்கிறார்களே, கொழும்பில் ஏது வசந்தம்?

இதைத்தான் நானும் அக்காவிடம் கேட்டேன். அவள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். “பனி உருகட்டும், பார், எல்லாம் லேசாகும்” என்று தொலைபேசியில் சொன்னாள். அவள் இருக்கும் இடத்துக்கு அது சரி. இங்கே உருகப் பனி எங்கே?

எங்கள் பழைய கணக்கில் வருடத்துக்கு ஆறு பருவம். மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். கொழும்பில் அந்தப் பின்பனிக் காலத்தில் மின்விசிறி ஐந்தாம் நம்பரில் சுற்றுகிறது. ஏப்ரல் முதல் வாரமளவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நடுப்பகலில் நிழல் காலடிக்குள் புகுந்துவிடும். வேனில் இருக்கிறது, இளமைதான் காணவில்லை.

சரி, கிண்டல் போகட்டும். பருவம் மாறுவது இங்கேயும் தெரியத்தான் செய்கிறது. கொழும்பு ஏழுப் பக்கம் ரொபரோசியா மரங்கள் இலை உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூக்கும். முள்முருக்கு சிவக்கும். கல்யாண வீட்டில் கன்னிக்காலுக்கு வெட்டும் அதே முள்முருக்குத்தான், சிங்களவர்களுக்கு அந்தப் பூ வந்தால் புதுவருடம் வருகிறது என்று அர்த்தம். வேம்பு பூக்கும். பிறகு ஏப்ரல் நடுவில் வருடப் பிறப்பு, கோயில் மருத்துநீர், கைவிசேஷம்.

எனக்கு மாசி பிறந்ததே பெரிய பாடாக இருந்தது. பெப்ரவரி நடுவில் ஒரு நாள் காலை கலண்டரில் ‘மாசி 1’ என்று இருந்தது. மூன்று நாள் அந்த ஒற்றையைக் கிழிக்கவில்லை. வேலைக்கு வரும் அம்மா கிழித்துப் போட்டுவிட்டா, அவவுக்கு எப்படித் தெரியும்.

பங்குனியில் குயில் தொடங்கிவிட்டது. மாசிக்கும் குயிலுக்கும் தீராத பகை. சத்தம் கேட்டால் ஜன்னல் வலையில் ஏறிப் பல்லை நறநறவென்று அடித்துக்கொண்டு நிற்பாள். இந்த முறை முதல் குயில் கூவியதும் பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்தேன். வலையில் அவள் நகத்தால் பிய்த்த ஓட்டை இருந்தது. எழும்பிப் போய் அந்த ஓட்டையால் பார்த்தேன். எதிரே மாமரத்தில் காகம் கூடு கட்டியிருக்கிறது. குயிலுக்குச் சொந்தக் கூடு கிடையாது, காகத்தின் கூட்டில்தான் முட்டையிடும். கறுத்த ஆண் குயில் கூட்டுக்குக் கிட்டப் போய்ப் போய்க் காகத்துக்குக் கோபம் வரச் செய்கிறது, காகம் துரத்திக்கொண்டு ஓடுகிறது, அந்த இடைவெளியில் புள்ளிபோட்ட பெண் குயில் மெல்லக் கூட்டுக்குள் நுழைகிறது. புருஷனும் பெண்சாதியுமாகக் கள்ள வேலை. நின்று பார்த்தபடியே இருந்துவிட்டேன். தேத்தண்ணி ஆறிப்போனது. அவள் போன பிறகு வேறொன்றை நான் அரை மணித்தியாலம் முழுதாகப் பார்த்தது அன்றுதான். அக்கா சொன்னது அதைத்தானோ என்னவோ. நான் அவளுக்குச் சொல்லவில்லை, சொன்னால் “நான் சொன்னேன்தானே” என்பாள்.

சாமான்களை எப்போது எடுத்து வைப்பது?

மிஞ்சிய சாப்பாட்டை உடனே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பழுதாகிவிடும். மருந்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்த பூனை எடுக்கலாமா? எப்போது?

குட்டி கிடைக்காமல் போய்விடுமோ என்று அவசரப்பட வேண்டாம். குளிர் நாடுகளில் பகல் நீளும்போதுதான் பூனைகள் இனப்பெருக்கத்துக்கு வரும், அங்கே வசந்தத்துக்குப் பிறகுதான் குட்டிக் காலம். கொழும்பில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. ஆகவே இங்கே வருடம் முழுக்கக் குட்டிதான். கோயில் வாசலிலும் சந்தைப் பக்கத்திலும் காட்போட் பெட்டியில் விட்டுவிட்டுப் போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். (கர்ப்பம் ஒன்பது கிழமைதான். கருத்தடை செய்யாமல் வளர்த்துவிட்டுப் பெட்டி தேடுபவர்களோடு எனக்குக் கோபம் உண்டு. அது வேறு கதை.)

போன பூனை பன்லியூக்கோபீனியா என்ற வைரஸ் நோயால் செத்திருந்தால் கவனம். அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும், சாதாரணக் கழுவலுக்கு அழியாது. தடுப்பூசி முழுதாகப் போட்டு முடித்த பூனையைத்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எந்தக் குட்டியையும் எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

மனம் பற்றிக் கேட்டால், போனவளின் பெயரைப் புதியவளுக்கு வைக்கத் தோன்றிக்கொண்டிருக்கும்வரை எடுக்க வேண்டாம் என்பேன். நான் இன்னும் எடுக்கவில்லை. கீழ்மாடி அக்கா இரண்டு தடவை குட்டிப் படம் அனுப்பிவிட்டார், நான் படத்துக்கு இதயம் மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

ஒரு நாள் முழுக்க அவளை நினைக்காமல் இருந்துவிட்டேன். துரோகமா?

இல்லை. எனக்கும் போன ஞாயிறு அது நடந்தது. காலையில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனேன், வருடப் பிறப்புக்குச் சேலை பார்த்தேன், மாவு வறுத்தேன், அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். இரவு பாணுக்குச் சம்பல் அரைத்தேன். முதல் வாய் வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். குசினிக் கதவைப் பூட்டாமலே மாசி இடித்திருக்கிறேன்.